முதலில் உற்றறிவோம்

கணினி ஒன்று இயங்க மறுத்தால் நாம் முதலில் என்ன சொல்கிறோம்? "மதர்போர்டு போச்சு" என்கிறோம். திறந்து பார்த்துவிட்டா சொல்கிறோம்? இல்லை. முன்பு யாரோ சொல்லக் கேட்டதை அப்படியே சொல்லிவிடுகிறோம். சென்ற ஆண்டு இதழ் அச்சுக்குப் போகப் பதினேழு நாள் இருக்கையில், நம் கழக அறை மேசைக் கணினிக்கும் இதே தீர்ப்புத்தான் கிடைத்தது.

பொத்தானை அழுத்தினால் விளக்கு எரியும், காற்றாடி சுற்றும், திரையில் ஏதாவது தெரிவதற்குள் எல்லாம் அடங்கிவிடும். மறுபடி அழுத்தினால் சில வேளை அசையவே அசையாது. பெட்டியின் முகப்பைத் தட்டினால் எழுந்து, அதே கதையைத் திரும்பச் சொல்லும். கடைக்குத் தூக்கிக்கொண்டு போனோம். பார்ப்பதற்கு 30 ரிங்கிட் வாங்கிக்கொண்டு, "போர்டு மாற்ற வேண்டும், 420 ரிங்கிட், இந்தப் பழைய பெட்டிக்குப் புதியதே வாங்கிவிடலாம்" என்றார்கள். 420 ரிங்கிட் என்பது தீபாவளிச் சந்தையில் நாம் மூன்று இரவு நின்று முறுக்கு விற்ற பணம். கடைக்காரர் பொய் சொன்னார் என்று நான் குற்றஞ்சாட்டவில்லை. நாள் முழுக்க வரிசையாகப் பெட்டிகள் வந்தால் அவரும் ஊகிக்கத்தான் செய்வார். ஊகிப்பதற்கு நேரம் பிடிக்காது. அதன் செலவும் அவருடையதன்று.

அதைவிட எனக்கு வருத்தம் தந்தது செயலவைக் கூட்டத்தில் நடந்தது. "இதழ்ப் பக்கங்கள் எல்லாம் போய்விட்டன" என்று பாதிப் பேர் கலங்கிப்போனார்கள். கணினி எழவில்லை என்பதற்கும் கோப்புகள் அழிந்தன என்பதற்கும் தொடர்பில்லை. வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் பொருத்தினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். எங்களுக்கும் இருந்தது.

இங்கே என் தமிழ்ப்பள்ளி நாட்களைச் சற்று நினைத்துக்கொள்கிறேன். அறிவியல் பாடத்தில் ஆசிரியர் எரியும் மெழுகுவர்த்தியைக் கண்ணாடிக் குவளையால் மூடினார். "என்ன உற்றறிந்தாய்?" என்று கேட்டார். "உயிர்வாயு தீர்ந்துவிட்டது, ஐயா" என்றேன் பெருமையாக. "அதைக் கண்ணால் பார்த்தாயா? அது ஊகித்தல். உற்றறிதல் என்ன? மெழுகுவர்த்தி அணைந்தது. அவ்வளவுதான்" என்றார். வகுப்பே சிரித்தது. பிறகு தேசிய இடைநிலைப்பள்ளியில் அதே இரண்டு கட்டங்கள் 'பெமெர்ஹாத்தியான்', 'இன்ஃபெரென்ஸ்' என்ற பெயர்களில் வந்தன. பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பெயர்களில் வந்தன. ஒரே பாடத்தை மூன்று மொழிகளில் படித்தேன். மூன்று மொழிகளிலும் தேர்வுத்தாளில் மட்டுமே பயன்படுத்தினேன். என்னைத் தமிழில் சோதித்த யு.பி.எஸ்.ஆர். தேர்வும் 2021-இல் நீக்கப்பட்டுவிட்டது.

நான் வணிகவியல் மாணவன். கணினி என் துறையன்று. இருந்தும் மூன்று நாள் அவகாசம் கேட்டு வாங்கினேன். உடனே அறிவாளியாகிவிட்டேன் என்று எண்ணிவிடாதீர்கள். முதல் நாள் நானும் ஊகத்தில்தான் தொடங்கினேன். "மின் வழங்கிதான் கெட்டிருக்கும்" என்று முடிவுகட்டி, அறைத்தோழனின் கணினியிலிருந்து அதைக் கழற்றி வந்து மாட்டினேன். அதே வேகத்தில் நினைவகப் பலகைகளையும் இடம் மாற்றினேன். கணினி வழக்கம்போல் அணைந்தது. அணைந்தது நல்லதாயிற்று. ஒருவேளை இயங்கியிருந்தால் இரண்டில் எது காரணம் என்று எனக்குத் தெரிந்திருக்குமா? ஒரு பரிசோதனையில் ஒரு மாறியை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை சொல்லும். பட்டப்படிப்பு மாணவன் மறந்துவிட்டேன்.

இரண்டாம் நாள் எதையும் கழற்றவில்லை. முதலாமாண்டுத் தம்பி ஒருவர் கைத்தொலைபேசியில் நேரம் பார்க்க, நான் அழுத்தினேன். நான்கு விநாடியில் அணைந்தது. பெட்டியைத் தட்டி மறுபடி அழுத்தினோம், நான்கு விநாடி. ஆறு முறை செய்தோம். எழுந்தபோதெல்லாம் நான்கு விநாடிதான். "அண்ணே, கெட்டுப்போன சாமான் இவ்வளவு கரெக்டா மணி பார்க்குமா?" என்று தம்பி கேட்டார். அந்தக் கேள்விக்குத்தான் நான் கடன்பட்டிருக்கிறேன். சூடேறி அணைவதென்றால் நேரம் கூடும், குறையும். மின் வழங்கி தளர்ந்திருந்தாலும் அப்படித்தான். சரியாக நான்கு விநாடி என்றால் அது பழுதாக இராது. யாரோ இட்ட கட்டளையாக இருக்க வேண்டும்.

அந்தக் கட்டளையை நாம் எல்லாரும் அறிவோம். கணினி உறைந்துபோனால் பொத்தானை விடாமல் அழுத்திப் பிடித்து அணைக்கிறோம் அல்லவா? 1996-இல் வெளிவந்த ஏ.சி.பி.ஐ. என்ற தரவிதியைப் பின்பற்றும் கணினிகளில், பொத்தான் நான்கு விநாடிக்கு மேல் அழுத்தப்பட்டிருந்தால் மின்சாரம் துண்டிக்கப்படும். எங்கள் பெட்டியின் பொத்தான் உள்ளே போனால் திரும்பி வருவதில்லை. தாய்ப்பலகை சொன்னபடி கேட்டுக்கொண்டிருந்தது. நாங்கள்தான் அது செத்துவிட்டது என்றோம்.

இதுவும் ஊகம்தான், சோதிக்க வேண்டும். பொத்தானிலிருந்து வரும் இரண்டு மெல்லிய கம்பிகள் தாய்ப்பலகையின் ஓரத்தில் இரண்டு ஊசிகளில் செருகியிருக்கும். அதை மட்டும் உருவினோம். வேறெதையும் தொடவில்லை. திருப்புளி முனையால் அந்த இரண்டு ஊசிகளையும் ஒரு கணம் சேர்த்துத் தொட்டேன். அங்கே இருப்பது சிறிய மின்னழுத்தம்தான், ஆபத்தில்லை. மின் வழங்கிப் பெட்டியைப் பிரிப்பது வேறு விஷயம். செருகியைப் பிடுங்கிய பின்னும் அதற்குள் மின்னேற்றம் தங்கியிருக்கும், அதை யாரும் திறக்க வேண்டாம். காற்றாடி சுற்றியது. நான்கு, ஐந்து, பத்து என்று தம்பி எண்ணிக்கொண்டே போனார். விண்டோஸ் முகப்பு வந்தது. பிறகு 'ரீசெட்' பொத்தானின் கம்பியை எடுத்து அதே ஊசிகளில் செருகினோம். இரண்டும் ஒரே வகைப் பொத்தான்தான். செலவு ஒரு காசுகூட இல்லை. இன்றும் நம் கணினியைச் சிறிய பொத்தானை அழுத்தித்தான் திறக்கிறோம்.

"நாம் என்ன மெக்கானிக்கா? மூன்று மாலைகள் வீண்தானே?" என்று மூத்த உறுப்பினர் அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. உண்மையாகவே பலகை கெட்ட கணினிகளும் உண்டு; மின்தேக்கிகள் தலை உப்பி நிற்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். அப்போது புதியதை வாங்குவோம். பார்த்த பிறகு வாங்குவோம் என்பதே என் வாதம். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மூன்று மாலைகளும் 'மாறி', 'ஊகம்', 'உற்றறிதல்' என்ற சொற்கள் எங்கள் வாயில் இயல்பாக வந்தன. பட்டிமன்றமும் பொங்கல் விழாவும் வேண்டும்தான். ஆனால் தமிழைப் பற்றியே தமிழில் பேசிக்கொண்டிருக்கும் நாம், கையில் திருப்புளியோடு தமிழ் பேசிய மாலைகள் எத்தனை? மாதம் ஒரு சனிக்கிழமை, பழுதான பொருள்களைக் கழக அறைக்குக் கொண்டுவந்து திறந்து பார்ப்போம் என்று செயலவைக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.

நான் இவ்வளவு பிடிவாதம் பிடிக்க வேறு காரணமும் உண்டு. 2018-இல் நான் மூன்றாம் படிவம் படிக்கையில் எங்கள் வீட்டிலும் ஒரு மேசைக் கணினி இருந்தது. தொழிற்சாலையில் கூடுதல் நேரம் வேலை செய்து அப்பா பழையதாக வாங்கித் தந்தது. அதுவும் எழுந்து எழுந்து அணைந்தது. போர்டு போச்சு என்றார்கள். பழைய இரும்பு லோரியில் ஏற்றிவிட்டோம். சென்ற விடுமுறையில் கழகக் கணினிக் கதையை அப்பாவிடம் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், "அப்போ நம்ம பெட்டியும் நல்லாத்தான் இருந்துச்சா, தம்பி?" என்றார்.

தெரியவில்லைப்பா என்றேன். அன்று எங்கள் வீட்டில் யாரும் விநாடிகளை எண்ணவில்லை.