வான்வழி வரும் இரத்தமும் நம் கேள்விகளும்

எங்கள் டயாலிசிஸ் பிரிவுக்கு மனைவிக்குத் துணையாக வாரம் மூன்று முறை வரும் பெரியவர் ஒருவர், சென்ற மாதம் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். ட்ரோன் எனப்படும் ஆளில்லா வானூர்தி ஒன்று, மலைகளைக் கடந்து சென்று மருத்துவமனை வளாகத்தில் ஒரு பெட்டியை இறக்கியது. "இதில் இரத்தம் வருகிறதாம் டாக்டர். வெயிலில் கெட்டுவிடாதா? இப்படி வந்ததை எங்கள் வீட்டம்மாவுக்கு ஏற்றலாமா?" என்று கேட்டார்.

பக்கத்தில் இருந்த இளைஞர் சிரித்தார். எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. நோயாளியின் உடலுக்குள் செல்லப்போகும் ஒரு பொருள் எவ்வாறு வந்தது என்று கேட்பது குடும்பத்தாரின் உரிமை. அதற்கு விடை சொல்வது எங்கள் கடமை.

என் பயிற்சிக் காலத்தில், மலைப்பகுதியிலிருந்து ஓர் இளம்தாயை எங்கள் பிரிவுக்கு அழைத்து வந்தார்கள். பிரசவத்துக்குப் பின் அவருக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. அங்கிருந்த சிறிய மருத்துவமனையில் அவருக்குரிய வகை இரத்தம் இல்லை. அடிவாரத்து நகரிலிருந்து ஜீப்பில் அது வந்து சேர மூன்று மணி நேரத்துக்கு மேலாயிற்று. அவர் உயிர் பிழைத்தார். ஆனால் இரத்த ஓட்டம் நெடுநேரம் குறைந்திருந்ததால் இரு சிறுநீரகங்களும் செயலிழந்திருந்தன. அவை மீள்வதற்கு ஐந்து வாரங்கள் டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதுவரை பச்சைக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அதன் பாட்டி வராந்தாவிலேயே காத்திருந்தார். அங்கே எவரும் கடமை தவறவில்லை. மலைப்பாதைதான் நீளமாக இருந்தது.

இத்தகைய தூரத்தைக் குறைத்துக் காட்டிய நாடு கிழக்கு ஆப்பிரிக்காவின் ருவாண்டா. மலைகள் நிறைந்த அந்நாட்டில் 2016 அக்டோபர் முதல் ஜிப்லைன் நிறுவனத்தின் ட்ரோன்கள் இரத்தத்தைக் கொண்டு செல்கின்றன. அவை மருத்துவமனையில் தரையிறங்குவதில்லை. காகிதப் பாராசூட் பொருத்திய பெட்டியைக் கீழே விட்டுத் திரும்பிவிடுகின்றன. 2017 மார்ச் முதல் 2019 இறுதி வரை இவ்வாறு நிறைவேறிய 12,733 இரத்தக் கோரிக்கைகளை ஆராய்ந்த கட்டுரை, 2022இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வெளிவந்தது. சராசரியாக 50 நிமிடங்களுக்குள் இரத்தம் சேர்ந்தது. சாலைப் பயணத்துடன் ஒப்பிட்டால் இது குறைந்தது 79 நிமிட மிச்சம். காலாவதியாகி வீணாகும் இரத்தமும் ஓராண்டில் 67 சதவீதம் குறைந்தது. கேட்டவுடன் வரும் என்ற உறுதி இருந்தால், சிறிய மருத்துவமனைகள் முன்னெச்சரிக்கையாக மிகுதியான இரத்தத்தைச் சேர்த்துவைக்க வேண்டியதில்லை அல்லவா?

நம் நாட்டிலும் முயற்சிகள் நடந்துள்ளன. 2021 அக்டோபரில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மணிப்பூரின் பிஷ்ணுபூர் மாவட்ட மருத்துவமனையிலிருந்து லோக்டாக் ஏரியிலுள்ள கராங் தீவுக்குத் தடுப்பூசிகளை ட்ரோன் மூலம் அனுப்பியது. தரைவழியில் 26 கிலோமீட்டரான அத்தொலைவு வான்வழியில் 15 கிலோமீட்டர். பயணம் கால் மணி நேரத்துக்குள் முடிந்தது. 2023 மே மாதத்தில் தில்லிப் பகுதியில் இரத்தப் பைகளை வைத்தும் சோதனை நடத்தினர்.

இரத்தம் கெடுமா என்ற கேள்விக்கு வருகிறேன். சிவப்பணுக்களை 2 முதல் 6 டிகிரி செல்சியஸிலும், தட்டணுக்களை 20 முதல் 24 டிகிரியிலும் காக்க வேண்டும். பெட்டி அந்த வெப்பநிலையைக் காக்கிறதா என்பதே முக்கியம். ஜீப்பில் வந்தாலும் வானில் வந்தாலும் விதி ஒன்றுதான். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் சிவப்பணுக்களையும் தட்டணுக்களையும் பிளாஸ்மாவையும் ட்ரோனில் பறக்கவிட்டுச் சோதித்தபோது, பறத்தலால் அவற்றுக்குக் கேடு நேரவில்லை என்றே கண்டார்கள்.

ஆயினும் மக்களின் தயக்கம் இரத்தத்தின் தரத்தோடு முடிவதில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் விமானப் பாதுகாப்பு முகமை 2021இல் ஆறு நகர்ப்பகுதிகளில் கருத்துக் கேட்டபோது, 83 சதவீதத்தினர் ட்ரோன்கள் உள்ளிட்ட நகர வான்போக்குவரத்தைப் பொதுவாக வரவேற்றனர். மருத்துவ, அவசரத் தேவைகளுக்கே ஆதரவு மிகுதி. பாதுகாப்பும் இரைச்சலும் அவர்களை உறுத்தின. ஆஸ்திரேலியாவின் கான்பெரா நகரில், பானித்தன் புறநகரில் 2018இல் உணவும் காப்பியும் கொண்டுதரும் ட்ரோன் சோதனை நடந்தபோது, இரைச்சல் தாங்கவில்லை என்று குடியிருப்போர் திரண்டு எதிர்த்தனர். அதன்பின் நிறுவனம் ஓசை குறைந்த வடிவத்தைக் கொண்டுவந்தது. எதிர்த்தவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்கியிருந்தால் அந்தத் திருத்தம் வந்திராது.

என் கருத்து இதுதான். மருத்துவத்துக்காகப் பறக்கும் ட்ரோனை நாம் வரவேற்க வேண்டும். ஆனால் கேள்வி கேட்காமல் அன்று. எந்தப் பொருள், எந்த வழியாக, எப்போது பறக்கும்? அதில் கேமரா உண்டா? உண்டெனில், வீட்டு முற்றங்களின் மீது பறக்கையில் எதைப் பதிவு செய்யும்? விழுந்தால் பொறுப்பு யாருடையது? இவற்றை முன்கூட்டியே மக்களிடம் சொல்ல வேண்டும். இரத்தத்துக்காக நாம் தரும் இசைவை, பின்னாளில் வணிகப் பொருள்களுக்கோ கண்காணிப்புக்கோ தந்த இசைவாக எவரும் கொள்ளலாகாது. அதற்குத் தனியே கேட்கட்டும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடும் மழையிலும் காற்றிலும் ட்ரோன் நின்றுவிடக்கூடும். மேலும் அது தாயிடம் இரத்தத்தைக் கொண்டு சேர்க்குமே தவிர, தாயை மருத்துவமனைக்குக் கொண்டு வராது. ஆகவே மலைச்சாலையும் ஆம்புலன்சும் அருகிலேயே ஓர் இரத்த வங்கியும் எப்போதும் வேண்டும். கொடையாளர் கை நீட்டாவிட்டால், அனுப்புவதற்கு இரத்தமே இராது.

பெரியவரிடம் சொன்னேன்: "ஏற்றலாம் ஐயா. எந்த வழியாக வந்தாலும், பையிலுள்ள எண்ணையும் இரத்த வகையையும் காலாவதி நாளையும் படுக்கையருகே இருவர் சரிபார்த்த பிறகே ஏற்றுவோம். நீங்களும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்."

அவர் சற்று யோசித்துவிட்டு, "சரி டாக்டர். எங்கள் ஊர்ப்பக்கம் பறப்பதானால், முதலில் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பறக்கச் சொல்லுங்கள்" என்றார்.

அவர் கேட்டது நியாயம்.