வைக்கோல் கட்டும் கயிறு

நெல் அறுவடை முடிந்ததும் தெலங்கானாவின் வயல்களில் டிராக்டர் இழுத்துச் செல்லும் இயந்திரம், கிடக்கும் வைக்கோலை வாரிச் சுருட்டிக் கயிற்றால் கட்டி இறக்கிவிட்டுச் செல்லும். செகந்திராபாத்தை விட்டுச் சற்று வெளியே சென்றால் இக்காட்சியைக் காணலாம். அக்கயிறு எதனால் ஆனது என்பது சிறு வினாவாகத் தோன்றலாம். மாட்டுக்கோ அது உயிரைப் பற்றிய வினா.

பிளாஸ்டிக் கயிறு செரிப்பதில்லை. தீவனத்தோடு விழுங்கப்படும் துண்டுகள் மாட்டின் முதல் இரைப்பையில் தங்கிப் பந்துபோல் திரளும். இரை செல்லும் வழியை அடைக்கும். அறுவை மருத்துவம் செய்தே அதை அகற்ற நேரிடும். எந்தக் கயிறாயினும் அவிழ்த்தபின்பே தீவனம் இடுதல் வேண்டும். ஆயினும், தவறி விழும் சணல் துண்டு மண்ணில் மக்கிவிடும். பிளாஸ்டிக் துண்டு பல்லாண்டு கிடக்கும்.

முன்னாளில் வைக்கோலை முறுக்கித் திரித்த புரியே கயிறாகப் பயன்பட்டது. நாஞ்சில் நாட்டு உழவர் விதைநெல்லை வைக்கோலால் பொதிந்து, புரியால் இறுகச் சுற்றிக் 'கோட்டை' கட்டினர். விளைந்த பொருளே அதைக் கட்டும் பொருளும் ஆயிற்று.

இன்றும் இயற்கை நாருக்குப் பஞ்சமில்லை. வங்கத்தில் சணல் விளைகிறது. பொள்ளாச்சியில் தென்னை நார் கிடைக்கிறது. ஐதராபாத்தில் 'கோங்குரா' என்று விரும்பி உண்ணப்படும் புளிச்சைக் கீரையின் தண்டிலும் நார் உண்டு. தண்டை நீரில் ஊறவைத்து அதை உரித்தெடுப்பர். வட ஆந்திரத்தின் ஸ்ரீகாகுளம், விஜயநகரம் மாவட்டங்கள் இந்நார்ப்பயிருக்குப் பெயர் பெற்றவை. கையால் கட்டும் கட்டுகளுக்குத் தென்னங்கயிறு ஏற்றது. இயந்திரத்திற்குச் சீரான பருமன் உடைய சணல் கயிறு ஏற்றது.

பிளாஸ்டிக் கயிறு விலை குறைவு, மழையில் இற்றுப்போகாது என்பர் சிலர். மழையில் நனைந்த வைக்கோல் பூசணம் பிடித்துக் கெடும். வைக்கோலே கெட்டபின் கயிறு மட்டும் கெடாதிருந்து பயன் என்ன? வைக்கோல் இருக்கும் வரை கயிறு இருந்தால் போதும்.

விலை வேறுபாட்டை உழவர் மட்டுமே சுமப்பதும் முறையன்று. பால் கூட்டுறவுச் சங்கங்கள் சணல் கயிற்றை மொத்தமாக வாங்கி, உழவருக்குக் குறைந்த விலையில் தரலாம். உணவுத் தானியங்களைச் சணல் சாக்கில் அடைக்க 1987ஆம் ஆண்டுச் சட்டம் வழிவகுத்தது. மனிதர் உண்ணும் நெல்லுக்குக் கிடைத்த காப்பு, பால் தரும் மாடு உண்ணும் வைக்கோலுக்கும் கிடைத்தல் வேண்டும்.

சிந்தித்து எழுதுக: விலை குறைந்த பொருள் எப்போதும் சிக்கனமான பொருள் ஆகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.