'எல்' போர்டு கவுன்சிலர்களும் நம்ம வீட்டுப் பஞ்சாயத்தும்

மக்களே, கார் பழக எல்.எல்.ஆர். வாங்கினாக்கூட பக்கத்துல லைசென்ஸ் உள்ளவர் உட்காரணும். புருஷன் பொண்டாட்டி சண்டையைத் தீர்க்க மட்டும் ட்ரெயினி கவுன்சிலர் தனியா கிளம்பிடலாமாம்! இதென்னங்க கொடுமை?

ஒருத்தர் கஷ்டத்தைக் கேக்கறது வேற, ரெண்டு பேரை ஒண்ணா உட்கார வச்சுப் பேசறது வேற. அவர் பேச்சுக்குத் தலையாட்டினா, 'இவரு அந்தாளு கட்சி'ன்னு அந்தம்மா வாயை மூடிக்குவாங்க. அதுவும் நம்ம மதுரைல வர்றது ரெண்டு பேரா? மாமியார், நாத்தனார், தாய்மாமன், செய்முறை நோட்டு எல்லாம் கூடவே வரும். பாடப் புத்தகத்துல செய்முறை நோட்டு கிடையாது சாமி!

அடி உதை நடக்கற வீடுன்னா இன்னும் ஆபத்து. கவுன்சிலர் முன்னாடி அவ சொன்ன உண்மைக்கு, வீட்டுக்குப் போனதும் அடி விழும். அதனால முதல்ல தனித்தனியாத்தான் பேசணும். 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தோட 14-வது பிரிவே, தனியாவோ சேர்த்தோ கவுன்சிலிங்குக்கு அனுப்பலாம்னும், அதைப் பண்றவருக்குத் தகுதி, அனுபவம் ரெண்டும் வேணும்னும் சொல்லுது.

'பண்ணாம எப்படி அனுபவம் வரும்?'னு கேப்பீங்க. நியாயம்தான். முதல்ல சீனியர் பேசறப்ப பக்கத்துல உட்காருங்க. அப்புறம் அவர் பார்க்க நீங்க பேசுங்க. ஒவ்வொரு கேஸையும் அவர்கிட்ட அலசுங்க.

மூணே கேள்வி:

1. உங்க தப்பைச் சுட்டிக்காட்ட மேல யார் இருக்கா?
2. பொண்டாட்டி தனியா போன் போட்டு ரகசியம் சொன்னா என்ன செய்வீங்க?
3. எப்ப 'இது என்னால ஆகாது'ன்னு வேற ஆள்கிட்ட அனுப்புவீங்க?

பதில் இல்லைன்னா 'எல்' போர்டைக் கழட்டாதீங்க.

டிஸ்கி: 'அனுசரிச்சுப் போம்மா'ன்னு சொல்ல கோர்ஸே தேவையில்லை. அதை ஊர்ப் பெருசுங்க ஃப்ரீயாவே சொல்லிட்டுத்தான் இருக்காங்க :-)