கணிக்கலாம், காசு கட்டலாமா?

ஏப்ரல் நடுவில் தொடங்கி ஜூன் வரை அமெரிக்காவின் என்.பி.ஏ. கூடைப்பந்து பிளே-ஆஃப் ஆட்டங்கள் நடக்கும். அங்கே இரவு என்றால் நமக்குக் காலை. அலோர் காஜாவிலும் ஜாசினிலும் பள்ளி விட்டு வீட்டுக்கு வரும் மாணவர்களில் பலர், கைத்தொலைபேசியைத் திறந்ததும் முதலில் தேடுவது ஆட்ட முடிவைத்தான். “இந்த வருசம் யாரு அடிப்பா?” என்ற விவாதம் புலனக் குழுக்களில் சூடு பறக்கும். இதில் தவறில்லை. அடுத்து வரும் கேள்விதான் கவலை தருகிறது: “நீ எவ்வளவு கட்டுற?”

கணிப்பு நமக்குப் புதியதல்ல. ரப்பர் தோட்டங்களில் வாழ்ந்த நம் தாத்தா பாட்டிகள் விடியற்காலையில் பிரட்டுக்குப் போகும்போதே வானத்தைப் பார்த்தார்கள். மரம் நனைந்தால் வெட்ட முடியாது. வெட்டிய பிறகு மழை பிடித்தால் மங்கில் சேர்ந்த பால் வீண். அன்றைய கூலியே அந்தக் கணிப்பில்தான் தொங்கியது. மேகம், காற்று, முந்தைய நாட்களின் அனுபவம் ஆகியவற்றைக் கூட்டிப் பார்த்து அவர்கள் முடிவெடுத்தார்கள். இன்று அதையே நிகழ்தகவு என்ற பெயரில் படிக்கிறோம். படிவம் 2-இல் எளிய நிகழ்தகவு, படிவம் 4-இல் கூட்டு நிகழ்வுகள், படிவம் 5 கூடுதல் கணிதத்தில் ஈருறுப்புப் பரவல் என்று எஸ்.பி.எம். வரை அது நம்மோடு வருகிறது.

பிளே-ஆஃப் ஆட்டம் இந்தப் பாடத்துக்கு அருமையான எடுத்துக்காட்டு. ஒரு தொடரில் அதிகபட்சம் 7 ஆட்டங்கள். முதலில் 4 வெல்லும் அணி மேலே போகும். ஓர் அணி ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லும் வாய்ப்பு 60 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். மூன்று ஆட்டத் தொடர் என்றால் அது வெல்லும் வாய்ப்பு ஏறக்குறைய 65 விழுக்காடு. ஏழு ஆட்டத் தொடரில் 71 விழுக்காடு. ஆட்டங்கள் கூடக் கூட பலமான அணியின் கை ஓங்குகிறது. ஒரே ஆட்டத்துக்குள்ளும் இதே கதைதான். கூடைப்பந்தில் ஓர் அணிக்குச் சுமார் 100 முறை பந்து கைக்கு வருகிறது. ஒரே ஒரு கோலில் முடிவு மாறிவிடும் காற்பந்தைவிட இங்கே அதிர்ஷ்டத்துக்கு இடம் குறைவு.

குறைவுதான், இல்லாமல் போகவில்லை. 2007-இல் 67 ஆட்டங்களை வென்று முதலிடத்தில் இருந்த டல்லாஸ், எட்டாம் இடத்தில் நுழைந்த கோல்டன் ஸ்டேட்டிடம் முதல் சுற்றிலேயே வீழ்ந்தது. 2016-இல் அதே கோல்டன் ஸ்டேட் 73 வெற்றி என்ற சாதனையோடு இறுதித் தொடருக்குப் போய், 3-1 என முன்னணியில் இருந்தும் கிளீவ்லாந்திடம் 4-3 எனத் தோற்றது. ஐந்தாவது ஆட்டத்தில் டிரேமண்ட் கிரீன் தடை காரணமாக ஆடவில்லை. 2023-இல் லீக்கிலேயே அதிக வெற்றி பெற்றிருந்த மில்வாக்கி, முதல் ஆட்டத்தில் யானிஸ் முதுகில் அடிபட்டபின் மயாமியிடம் 4-1 எனச் சரிந்தது. தொடருக்கு முன் பலமான அணியைச் சொன்னவர்கள் முட்டாள்கள் அல்லர். 71 விழுக்காடு என்றால் மீதி 29 விழுக்காடும் நடக்கக்கூடியதுதான் என்பதே இதன் பொருள்.

இங்கேதான் பந்தயக்காரன் நம் பிள்ளைகளைப் பிடிக்கிறான். “எனக்கு ஆட்டம் தெரியும், நான் ஜெயிப்பேன்” என்று இளைஞர் நினைக்கிறார். ஆட்டம் தெரிந்தவர்களின் கணக்கெல்லாம் ஏற்கெனவே பந்தய விகிதத்தில் சேர்ந்துவிட்டது. இரு அணிகளும் சமம் என்று கருதும் ஆட்டத்தில் 10 வெள்ளி கட்டி வென்றால் 20 வெள்ளி வர வேண்டும். 19 வெள்ளிதான் தருகிறார்கள் என்று வையுங்கள். நூறு ஆட்டங்களில் 50-ஐச் சரியாகச் சொன்னால் 50 வெள்ளி நட்டம். 52 சொன்னாலும் நட்டம்தான். 53 சரியாகச் சொன்னால், கட்டிய 1,000 வெள்ளிக்கு லாபம் வெறும் 7 வெள்ளி!

விபத்தில் சிக்கிய காரின் எண்ணைக் குறித்துக்கொண்டு ஓடும் நம் பெரியவர்களின் ‘நாலு நம்பர்’ கணக்கும் வேறல்ல. 10,000 எண்களில் பரிசு பெறுபவை 23. முதல் பரிசு 2,500 முதல் ஆறுதல் பரிசு 60 வரை எல்லாவற்றையும் கூட்டினால், 1 வெள்ளிக்குச் சராசரியாகத் திரும்புவது 64 சென். கனவில் வந்த எண்ணுக்கும் இதே 64 சென்தான்.

டெலிகிராமில் ‘உறுதியான டிப்ஸ்’ விற்பவர்களிடமும் கவனம் தேவை. ஒருவன் 1,024 பேரில் பாதிப்பேருக்கு ஓர் அணியும் மறுபாதிக்கு எதிரணியும் வெல்லும் என்று அனுப்புகிறான். சரியாக வந்த பாதியை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கும் அப்படியே செய்கிறான். ஐந்து ஆட்டம் முடிந்ததும் 32 பேர் அவனை மகான் என்று நம்புவார்கள். ஆறாவது டிப்ஸுக்குப் பணம் கேட்டால் கொடுக்காமல் இருப்பார்களா?

உரிமம் இல்லாத பந்தயம் 1953ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டப்படி குற்றம். ஆனால் சட்டத்துக்கு முன்பே வீட்டைத் தொடுவது கடன். பத்து பெரண்டாமிலோ ஆயர் குரோவிலோ தொழிற்சாலையில் ‘ஓட்டி’ செய்து சேர்த்த சம்பளம் ஒரு வாரத்தில் கரையும். விட்டதைப் பிடிக்க ஆலோங்கிடம் கை நீட்டினால், வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வது அம்மாதான்.

இதற்காகப் பிள்ளைகளிடம் “ஆட்டம் பார்க்காதே” என்று சொல்வதில் பயனில்லை. கணிப்பைப் பந்தயக்காரனிடமிருந்து பிடுங்கி வகுப்பறைக்குக் கொண்டுவர வேண்டும். இடைநிலைப்பள்ளித் தமிழ்மொழிக் கழகமும் கணித ஆசிரியரும் சேர்ந்து பிளே-ஆஃப் காலத்தில் ஒரு கணிப்புப் போட்டி வைக்கலாம். பரிசு ஒரு புத்தகம் போதும். நிபந்தனை இரண்டுதான். “இவன்தான் ஜெயிப்பான்” என்று எழுதக்கூடாது. “65 விழுக்காடு” என எண்ணோடு எழுத வேண்டும். எழுதியதை அழிக்கக்கூடாது. ஜூன் முடிவில், 70 விழுக்காடு என்று எழுதியவற்றில் பத்துக்கு ஏழு நடந்ததா என்று சரிபார்க்க வேண்டும். பத்துக்கு ஐந்துதான் என்றால், நம் உறுதி நம் அறிவைவிடப் பெரியதாக இருந்திருக்கிறது.

அந்த நோட்டுப் புத்தகத்தை நேர்மையாக நிரப்பிய மாணவருக்குப் பந்தயம் கட்ட ஆசை வருவது கடினம். தன் கணிப்பு எத்தனை முறை தப்பியது என்பது அவருடைய கையெழுத்திலேயே இருக்கும். பெற்றோரே, ஆசிரியர்களே, வரும் பிளே-ஆஃப் பருவத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்கிப் பாருங்கள்.