தண்டவாளமும் கால்வாயும்: தீவகத்தைக் கேளாத திட்டங்கள்

"ஆங்கிலேயர் எதனைப் பறித்தாரோ, புகையிரதத்தைத் தந்து சென்றனர்" என்னும் கூற்றை விரிவுரை மண்டபங்களிலும் விவாத மேடைகளிலும் அடிக்கடி கேட்கிறோம். தீவகத்தைச் சேர்ந்த நம்மவர் சிலர் இதனோடு ஒரு பெருமூச்சையும் சேர்த்துக்கொள்வர். இருப்புப்பாதை ஊர்காவற்றுறை வரை நீண்டிருந்தால் தீவகத்தின் தலைவிதியே மாறியிருக்கும் என்பது அவர்தம் ஏக்கம். கொடை என்பது பிழை; ஏக்கமும் பிழை. இவ்விரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கொடையைப் பார்ப்போம். கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867ஆம் ஆண்டிற் புகையிரதம் ஓடிற்று. மலைநாட்டுக் கோப்பியைத் துறைமுகம் சேர்ப்பதே அதன் முதற் கடமை. யாழ்ப்பாணத்தவர் நெடுங்காலம் வேண்டி நின்ற வடபாதையோ, 1902இற் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே துண்டுபட்டுத் தொடங்கி, 1905இலேதான் கொழும்போடு இணைந்தது. கண்டிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே 38 ஆண்டுகள்! ஆயின் மதவாச்சியிற் பிரிந்து தலைமன்னாருக்குச் செல்லும் பாதை அடுத்த 9 ஆண்டுகளிலேயே முடிந்துவிட்டது. மக்கள் அடர்ந்து வாழ்ந்த குடாநாட்டுக்கு அத்தனை தாமதம்; மணலும் முட்புதரும் மண்டிய தலைமன்னாருக்கு இத்தனை விரைவு. ஏன்? தென்னிந்தியத் தொழிலாளரைப் பெருந்தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் வழி அது. கோப்பிக் காலத்தில் அவர்கள் மன்னார்க் கரையிலிறங்கிக் காட்டுவழியே மாத்தளை நோக்கி நடந்தனர். பசியாலும் பேதியாலும் வழியிலேயே மாண்டோர் பலர். 1914இல் அந்த மனித உழைப்பு தண்டவாளத்தில் ஏற்றப்பட்டது. இதுவே கொடையின் உள்ளடக்கம்.

இனி, பாக்குநீரிணையை மையமாகக் கொண்டு எழுந்த இரு திட்டங்களின் போட்டியைக் காண்போம். ஒன்று கால்வாய், மற்றையது தண்டவாளம். இராமேசுவரத்துக்கு அருகே கடலை ஆழப்படுத்திக் கப்பல்விடும் யோசனையைக் கடற்படைத் தளபதி டெயிலர் 1860இல் முன்வைத்தார். 1869இற் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டதும் இவ்வெண்ணம் வலுப்பெற்றது. 1922 வரை ஒன்றன்பின் ஒன்றாக ஒன்பது திட்டங்கள் வரையப்பட்டன. 1884இல் சேர் ஜோன் கூட் தயாரித்த திட்டத்திற்குப் பின்னால் நின்ற கம்பனியின் பெயரிலேயே கப்பற்கால்வாயோடு நிலக்கரித் துறையும் இடம்பெற்றிருந்தது. நீராவிக் கப்பலுக்குக் கரி விற்பவனே அக்காலத்திற் கடலின் சுங்கக்காரன். ஆனால் இதே கூட் வகுத்தளித்த கொழும்பு அலைதாங்கி 1875இல் அடிக்கல் கண்டு 1885இல் நிறைவெய்திற்று. கால்வாய் வெட்டப்பட்டால் இலங்கையைச் சுற்றாமலே கப்பல்கள் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் போகும். சுற்றியே சென்றால் கொழும்பிற் கரி ஏற்றும். ஒரே பேரரசு, ஒரே பொறியியலாளர். எதிரெதிரான இரு இலாபங்கள்!

மறுபுறம், சேதுவின் மணற்றிட்டுகள் மீது அணையும் பாலமும் அமைத்து இந்தியப் புகையிரதத்தை இலங்கைக்குள் ஓட்டும் திட்டம் பேசப்பட்டது. கால்வாய் கடலைத் திறக்கும். பாலம் கடலை மூடும். இரண்டும் ஒருங்கே நிறைவேற இயலா. ஈற்றில் நிகழ்ந்தது சமரசம். 1914இற் பாம்பனில் கப்பலுக்குத் திறந்து வழிவிடும் பாலம் எழுந்தது. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிப் படகு ஓடிற்று. இக்கணக்குகளில் எங்கேனும் நெடுந்தீவு உண்டா? நயினாதீவு உண்டா? ஊர்காவற்றுறை உண்டா?

ஊர்காவற்றுறை வெறும் மீன்பிடிக் கரையன்று. ஒல்லாந்தர் காலத்தில் யானைகள் ஏற்றுமதியான துறை அது. பாய்க்கப்பல்களின் காலத்தில் வடபுலத்தின் வாணிபம் அவ்வழியே நடந்தது. நீராவியும் தண்டவாளமும் வேறு கரைகளைத் தேர்ந்தெடுத்தபோது அதன் கீழ்நிலை தொடங்கிற்று.

"கடல் ஆழமற்றது, மக்கள் தொகை சிறிது, செலவுக்கு வருவாய் போதாது, பொறியியலாளரைக் குறைகூறல் தகுமா?" என வினவுவர் சிலர். தகுந்த வினாவே. ஆனால் பாம்பனின் கடலும் எளிய கடலன்று. காற்றும் உவரும் அரிக்கும் அந்நீரில் 2 கிலோமீற்றருக்கும் மேல் நீண்ட பாலத்தை நூறாண்டுக்கு முன்னரே கட்டினர். ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் இடைப்பட்ட நீர் ஒரு கிலோமீற்றருங் கூட இல்லை. அதனை இன்றும் 'பாதை' என நம் மக்கள் அழைக்கும் மிதவையிலேயே கடக்கின்றனர். எனவே தடையாக நின்றது கடல் அன்று, கணக்கு.

இனி ஏக்கத்துக்கு வருவோம். தண்டவாளம் வந்திருந்தால் தீவகம் செழித்திருக்குமா? தலைமன்னாரைப் பாருங்கள். 1914 முதல் அதற்குப் புகையிரதமும் கப்பற்றுறையும் இருந்தன. அரை நூற்றாண்டு கழிந்தும் அது நகரமாயிற்றா? பயணிகள் இறங்கினர், ஏறினர், போயினர். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. போர் மூண்டதும் எஞ்சிய கப்பற் சேவையும் நின்றது. பிறருடைய தேவைக்காக இடப்பட்ட பாதை, தன் மேல் நிற்பவனை வளர்ப்பதில்லை. அவனைக் கடந்தே செல்கிறது.

இவையெல்லாம் பழங்கதை என ஒதுக்கிவிட முடியுமா? 2005 ஜூலையிற் சேதுசமுத்திரக் கால்வாய்ப் பணி தொடங்கி, பின்னர் நீதிமன்றத்திலும் அரசியலிலும் சிக்கி நின்றது. 2023 ஜனவரியில் தமிழக சட்டமன்றம் அதனை மீண்டும் வேண்டித் தீர்மானம் இயற்றிற்று. அதே ஆண்டு ஜூலையில் இரு நாட்டு அரசுகளும் தரைப்பாலத்தின் சாத்தியத்தை ஆராய உடன்பட்டன. மீண்டும் திறக்கும் திட்டமொன்று, மூடும் திட்டமொன்று!

தீவகத்திலேயே மற்றொரு போட்டி நடந்தது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றிலும் காற்றினாலும் சூரிய ஒளியினாலும் மின்னுற்பத்தி செய்யும் பணி 2021 ஜனவரியிற் சீனக் கம்பனியொன்றுக்கு வழங்கப்பட்டது, இந்தியா ஆட்சேபித்தது, அவ்வாண்டின் இறுதியிற் சீனா விலகிற்று, 2024 மார்ச்சில் இந்திய நன்கொடையில் இந்திய நிறுவனமொன்றுக்கு ஒப்பந்தம் கையளிக்கப்பட்டது. டீசலை நம்பிய தீவுகளுக்கு அம்மின்சாரம் மிகமிகத் தேவையானது என்பதில் ஐயமில்லை. ஆனால் மூன்றாண்டுக் காலப் பேச்சு எதைப் பற்றியது? எந்த நாட்டின் நிழல் எந்த நாட்டின் கரையருகே விழலாம் என்பது பற்றியது. மாலையிற் கடல் கொந்தளித்தால் நோயாளியைக் குறிகட்டுவானுக்குக் கொண்டுவர முடியாத நெடுந்தீவாரின் குரல் அதிற் கேட்கவில்லை. அன்று கரிக்கணக்கு, இன்று காவற்கணக்கு.

ஆதலால், பெருந்திட்டங்களின் வாயிலில் நின்று "எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்" என இரத்தலை நாம் கைவிட வேண்டும். திட்டம் தீட்டப்படும் முன்னரே தீவக மக்கள் கேட்கப்பட வேண்டும் என்பதே நம் கோரிக்கையாதல் வேண்டும். காலந்தவறாத படகு, புயலிலும் நோயாளியைக் கரைசேர்க்கும் ஏற்பாடு, ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் ஒரு சிறு பாலம்: இவை வரைபடத்திற் பெருமையாய்த் தோன்றா. ஆயினும் தீவகத்தவனின் கணக்கிலிருந்து பிறக்கும் திட்டங்கள் இவையே. இக்கணக்கை எழுதும் பொறுப்புப் பல்கலைக்கழகத்திற் பயிலும் நமக்கில்லையெனின், வேறு யாருக்குண்டு?