‘இதுல என்ன இருக்கு, வெறும் கோடுதானே?’ பொன்மலைக்காரர்களுக்கு ஜரினா புரியாமல் போக வாய்ப்பே இல்லை!

பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்த யாரிடமாவது ஒரு தாளைக் கொடுத்து, பழைய வீட்டை வரையச் சொல்லிப் பாருங்கள். முன்னறை, அடுப்படி, கொல்லைப்பக்கம்… கண்ணை மூடிக்கொண்டே கோடு போட்டுவிடுவார். அப்பா ரிட்டையர் ஆனதும் சாவியைக் கொடுத்துவிட்டு வந்த வீடு அது.

இதையேதான் ஜரினா செய்தார். 1937-ல் அலிகாரில் பிறந்தவர், கணக்குப் பட்டதாரி. தூதரக அதிகாரியான கணவருடன் ஊர் ஊராகப் போனார். பாரிஸில் ஹேட்டரின் பட்டறையில் அச்சுக்கலை, டோக்கியோவில் மரச்செதுக்கு அச்சு என்று தொழில் கற்றார். 1970-களில் நியூயார்க்கில் தங்கிவிட்டார். வாழ்ந்த வீடுகளின் தரைப்படங்களை 1997-ல் ஒரு வரிசையாக அச்சிட்டார். அதில் ஆள் இல்லை, மரம் இல்லை. சுவர்கள் மட்டும்.

இவருக்குப் பெரிய அங்கீகாரம் எப்போது வந்தது தெரியுமா? 2011 வெனிஸ் பினாலேயில் இந்திய அரங்கு, 2013-ல் குகன்ஹைம் கண்காட்சி. அதாவது 70 வயதைத் தாண்டிய பிறகு! ‘லேட்டா வந்தாலும் லேட்டஸ்ட்’ என்று சிரித்துவிட்டுப் போகிற விஷயமா இது?

இது ஜரினாவோடு முடியும் கதையும் அல்ல. சீனாவிலிருந்து 1948-ல் பாரிஸ் போன ஷி ஜிங்லான், ‘லலான்’ என்ற பெயரில் அரூப ஓவியங்கள் வரைந்தவர். இசையமைத்தார், நடனமும் ஆடினார். ஆனாலும் வெகுகாலம் ‘ஜாவ் வூ-கியின் முதல் மனைவி’ என்றே அறிமுகம். அந்த முன்னாள் கணவரின் ஒரு படம் 2018 ஹாங்காங் ஏலத்தில் 51 கோடி ஹாங்காங் டாலருக்குப் போனது. திறமை வேறுபாடு மட்டுமே இதற்குக் காரணம் என்று சொன்னால் நம்ப முடியவில்லை. ஜரினா, கணவர் பெயரை விட்டுவிட்டு வெறும் ‘ஜரினா’வாகவே இயங்கியது சும்மா இல்லை.

‘மாடர்ன் ஆர்ட் நமக்குப் புரியாது’ என்பதும் பாதி சாக்குதான். ஸ்ரீரங்கத்து மார்கழி வாசலில் சிக்குக் கோலத்தைப் பார்த்து ‘இதுக்கு என்ன அர்த்தம்?’ என்று யாரும் கேட்பதில்லையே. கோடு அழகாக வளைந்தால் போதும், நின்று பார்க்கிறோம்.

ஜரினாவின் கோடு சில நேரம் அழகுக்கானதும் அல்ல. 2001-ல் அவர் செய்த ‘டிவைடிங் லைன்’, இந்தியா–பாகிஸ்தான் எல்லைக்கோடு. பலகையில் அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு, இருபுறமும் இருந்த மண்ணை எல்லாம் செதுக்கி எடுத்துவிட்டார். அவருடைய பெற்றோர் பாகிஸ்தானுக்குப் போனது 1959-ல். அக்கா ராணி உருதுவில் எழுதி, தபாலில் சேர்க்காமலே வைத்திருந்த கடிதங்கள் பிறகுதான் தங்கை கைக்கு வந்தன. அந்தக் கையெழுத்தின் மேல் வீட்டுத் தரைப்படங்களை அச்சிட்டு, 2004-ல் ‘லெட்டர்ஸ் ஃப்ரம் ஹோம்’ என்று பெயர் வைத்தார். 2020 ஏப்ரலில் லண்டனில் காலமானார்.

மரச்செதுக்கு அச்சுகள் 36 கொண்ட ‘ஹோம் இஸ் எ ஃபாரின் பிளேஸ்’ (1999) வரிசையை போனிலேயே தேடிப் பார்க்கலாம். ஒவ்வொரு படத்திலும் ஒரு உருதுச் சொல். வீடு, வாசற்படி, சுவர்…