வக்கில்லாதவன் வீட்டு நாய்

கோடை விழாக் கூட்டம் வடிந்த பிறகு வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கல்வராயன் மலையில் கரியாலூர் டீக்கடை ஓரமாக ஒரு கார் வந்து நின்றது. பின் சீட்டில் பொன்னிற முடியோடு ஒரு கோல்டன் ரெட்ரீவர், அதற்காகவே ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது. கடை பெஞ்சில் மலைக்காரப் பெரியவர் ஒருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் காலடியில் ஒரு செவலை நாய். தொடையில் பன்றி கிழித்த காயம், மேலே மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்த பூச்சு. காரிலிருந்து இறங்கியவர் குனிந்து பார்த்துவிட்டு, “டாக்டர்கிட்ட காட்டுனீங்களா?” என்றார். “காட்டணுங்க” என்றார் பெரியவர். வந்தவர் தம் மனைவி பக்கம் திரும்பி, எல்லோர் காதிலும் விழும்படி தீர்ப்புச் சொன்னார்: “வைத்தியம் பார்க்க வக்கில்லாதவங்களுக்கெல்லாம் எதுக்கு நாய்?”

ஒருவர் சொன்னால் திமிர் என்று தள்ளிவிடலாம். இதை ஊரே சொல்கிறது. கள்ளக்குறிச்சியில் நாய்க்கு மருந்து வாங்கப் போனால் கடைக்காரர் சொல்கிறார். ஓய்வு பெற்ற அதிகாரிகள் காலை நடையில் சொல்கிறார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் சொந்த மைத்துனர், கைகூப்பிய பொம்மை ஒன்றையும் சேர்த்து, சொல்கிறார். பிராணிகள் மீது எவ்வளவு கருணை பாருங்கள்! இந்தக் கருணைக்குச் சம்பளச் சீட்டு வேண்டும், முடிந்தால் மூன்று மாத வங்கிக் கணக்கும் வேண்டும். நாய்க்குட்டி கேட்டு வருகிறவனிடம் வீட்டுக்கடன் கேட்டு வந்தவனை விசாரிப்பதுபோல விசாரிக்க வேண்டும் என்பதே இதன் சாரம்.

இவர்களுக்கு நான் கோவிவனை அறிமுகம் செய்ய வேண்டும்.

கல்வராயன் மலைக்கு வடக்கே, திருவண்ணாமலை மாவட்டத்தில் தண்டராம்பட்டுப் பக்கம் எடுத்தனூர் என்றொரு ஊர். அங்கே ஒரு நடுகல் உண்டு. பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டு, அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. எருமைகளைக் காக்கப் போய் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுத்த கல் அது. அதே கல்லில் அவன் நாயும் நிற்கிறது. அதற்குக் கோவிவன் என்று பெயர் இருந்ததும், திருட வந்தவர்களைக் கடித்து அது காவல் காத்ததும் எழுத்தாக வெட்டப்பட்டிருக்கின்றன. பேரரசர்களின் பட்டத்து யானைகள் பலவற்றின் பெயரே நமக்குத் தெரியாது. எருமை காத்தவன் வீட்டு நாயின் பெயர் தெரியும்.

கருந்தேவக்கத்தி யார்? ஒரு தலைவனிடம் சேவகம் செய்தவன். டீக்கடைத் தீர்ப்புப்படி அவனுக்கு நாய் வளர்க்கும் தகுதி இல்லை. காஞ்சிபுரம் போய் வைத்தியம் பார்க்க வக்கில்லாதவன் எப்படி ஐயா கோவிவனை வளர்த்தான்? அந்தக் காலத்தில் இந்தக் காரும் இந்த வாயும் இருந்திருந்தால் அந்தக் கல்லில் நாய்க்கு இடம் கிடைத்திருக்காது. எருமையும் மிஞ்சியிருக்காது.

இந்த மலையில் நாய் வளர்ப்பதைப் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் ஒரு ராத்திரி மரவள்ளிக் கொல்லையில் படுத்துப் பார்க்கட்டும். பன்றிக்கூட்டம் ஒரு முறை இறங்கினால் போதும், கிழங்கைத் தோண்டித் தின்றது பாதி, மிதித்துப் போட்டது மீதி. சாமையும் மக்காச்சோளமும் அப்படியே. பரண்மேல் இருக்கிற மனிதன் கண் அசரலாம், நாய் அசராது. அந்தச் செவலை வாங்கிய கிழிசல் கொல்லைக்காக வாங்கியது. வேலை செய்த இடத்தில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இந்தத் தொழிலாளியைப் பார்த்து, உன்னை எவன் வேலைக்கு வைத்தான் என்று கேட்கிறோம்.

பன்றியைச் சுடலாமே என்பார்கள். சுடலாம். 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு விதி ஒன்று அறிவித்தது. காப்புக்காட்டு எல்லையிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வந்த காட்டுப்பன்றியை வனத்துறையினர் சுடலாம். ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். ஒரு கிலோமீட்டருக்குள் என்றால் சுடவே கூடாது. சமவெளிக்காரருக்கு நல்ல விதிதான். காட்டை ஒட்டியே கொல்லை வைத்திருக்கிற மலைக்காரருக்கு இதில் என்ன மிச்சம்? குரைக்கிற ஒரு ஜீவன் மட்டும்தான். அதையும் வக்கு இருந்தால் வைத்துக்கொள் என்கிறார் பின் சீட்டில் ஏ.சி. ஓடவிட்டவர்.

சரி, செலவுக்கு வருவோம். ஆழமாகக் கிழிந்த தொடையைச் சுத்தம் செய்து, மயக்க ஊசி போட்டு, தையல் போட்டு, ஐந்து நாளைக்கு மருந்து கொடுத்தால் தனியார் கிளினிக்கில் சில ஆயிரம் ஆகும். 2025-26-க்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். வகுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பணத்தைவிடப் பெரிய கணக்கு ஒன்று இருக்கிறது: நாயை எப்படிக் கீழே இறக்குவது? கோமுகி அணைப் பக்கமாக வளைந்து வளைந்து கச்சிராயபாளையம் வந்து, அங்கிருந்து கள்ளக்குறிச்சி போக வேண்டும். ரத்தம் கசிகிற நாயோடு பஸ் ஏறிப் பாருங்கள், கண்டக்டர் விசில் அடிக்கும் முன்பே பயணிகள் அடிப்பார்கள். ரயிலில் பணம் உள்ளவர் முதல் வகுப்புத் தனி அறையை எடுத்து நாயைக் கூட்டிப்போகலாம், விதியே இருக்கிறது. மலைக்காரர் மகனை மோட்டார் பைக் ஓட்டச் சொல்லி, நாயைச் சாக்கில் கழுத்துவரை கட்டி, நடுவில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். அன்றைய கூலி அப்பனுக்கும் போச்சு, மகனுக்கும் போச்சு. “காட்டணுங்க” என்று அந்தப் பெரியவர் சொன்ன ஒரு சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது. காரில் வந்தவருக்கு அது சோம்பேறித்தனமாகக் கேட்டது.

இதில் இன்னொரு வேடிக்கை. இதே மலைக்குக் கீழே, சேலம் மாவட்டத்தின் எல்லையில், தலைவாசல் கூட்டு ரோட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏக்கரில், ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் மதிப்பிட்டு, கால்நடைகளுக்கென்று ஒரு பிரம்மாண்டமான உயர் ஆராய்ச்சி வளாகம் கட்டினார்கள். 2020-ல் அடிக்கல், 2021-ல் திறப்பு விழா. வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆராய்ச்சி நடக்கட்டும், கால்நடை மருத்துவர்கள் படித்து வரட்டும். ஆனால் ஆயிரம் கோடிக்குப் பக்கத்து மலையில் ஒரு நாய்க்குத் தையல் போட ஆயிரத்தெட்டு தடை என்றால், வக்கில்லாதவன் யார்? பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெரியவரா?

மாட்டைப் பாருங்கள். கோமாரி, கன்று வீச்சு நோய்களை ஒழிக்க 2019-ல் மத்திய அரசு 13,343 கோடி ரூபாய்த் திட்டம் போட்டது. மாட்டுக்குக் காதில் பன்னிரண்டு இலக்க எண், ஊரிலேயே முகாம், ஊசி இலவசம். ஊசிச் செலவுக்கு வக்கில்லாதவன் மாடு வளர்க்கக் கூடாது என்று அங்கே யாராவது சொன்னார்களா? சொல்லமாட்டார்கள், மாடு பால் கறக்கிறது. காலையில் காபிக்குப் பால் வேண்டுமே. நாய் காக்கிற கொல்லையின் மரவள்ளி ஜவ்வரிசியாகி இவர்கள் வீட்டுப் பாயசத்தில் மிதக்கிறது, அது மட்டும் யார் கண்ணுக்கும் படவில்லை. கால்நடைக் கணக்கெடுப்பில் நாயையும் எண்ணுகிறார்கள். எண்ணிக்கைக்கு இருக்கிற நாய் செலவு என்று வந்தால் காணாமல் போய்விடுகிறது.

கோமாரி வந்த மாட்டால் மனிதன் சாவதில்லை. வெறிநோய் வந்த நாயால் சாகிறான், அறிகுறி தெரிந்தபின் அநேகமாக எந்த வைத்தியமும் பிழைக்க வைப்பதில்லை. உலகில் இந்த நோயால் சாகிறவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இந்தியாவில்தான் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. 2024-ல் தமிழ்நாட்டில் மட்டும் 43 பேர். கடிபட்டவனுக்கு 0, 3, 7, 28 என்று நாள் குறித்து அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறோம், நல்லது. நாய்களுக்கு வருஷத்துக்கு ஒரு ஊசி போட்டு வந்தால் வெறிநோய் மனிதனுக்குத் தொற்றும் ஆபத்தே வெகுவாகக் குறையும். கோவாவில் இதைச் செய்தார்கள். தெருவில் இருந்த நாய்க்கும் வீட்டில் இருந்த நாய்க்கும் தேடிப்போய் ஊசி போட்டார்கள், வலை போட்டுப் பிடித்தும் போட்டார்கள். உன் வருமானம் என்ன என்று எந்த நாயின் எசமானையும் கேட்கவில்லை. 2021-ல் அந்த மாநிலம் வெறிநோய் கட்டுக்குள் வந்த பகுதியாக அறிவிக்கப்பட்டது. ஏழை வீட்டு நாய் கடித்தால் ஏழைக்கு மட்டும்தான் வெறிநோய் வரும் என்று கிருமி எழுதிக் கொடுத்திருந்தால், ஒருவேளை இந்த டீக்கடைத் தீர்ப்பில் ஏதாவது அர்த்தம் இருந்திருக்கும்.

வக்கு உள்ளவர்களின் லட்சணத்தையும் கொஞ்சம் பார்க்கலாம். 2003-ல் ஹட்ச் விளம்பரத்தில் ஒரு பக் நாய் பையன் பின்னால் ஓடியது. பிறகு தெருவுக்கொரு பக். மூக்கு சப்பையாக இருப்பதால் மூச்சு விடவே திணறும் பிராணி அது, நம் ஊர் மே மாத வெயிலில் அதை வாக்கிங் கூட்டிப்போனார்கள். பனிப்பிரதேச ஹஸ்கியை மொட்டை மாடியில் கட்டினார்கள். குட்டியாக இருக்கும்வரை மடியில், வளர்ந்து செலவு வைத்ததும் காரில் ஏற்றி ஊருக்கு வெளியே. மலைப்பாதைக் கொண்டை ஊசி வளைவுகளில் கழுத்துப்பட்டை போட்ட தடத்தோடு விழித்துக்கொண்டு நிற்கிற நாய்களை நான் பார்த்திருக்கிறேன். அவற்றை மலைக்காரர் கொண்டுவந்து விடவில்லை. பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் ஆண்டு பிராணிவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் முறை என்றால் அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய். காரில் வருகிறவர் அதைக் கட்டுவதற்கு நிச்சயம் வக்கு உள்ளவர்.

சென்னையில் இப்போது வளர்ப்பு நாய்க்கு உரிமம், தோலுக்கடியில் மைக்ரோசிப் என்கிறார்கள். நாளை இது மலைக்கும் வரும். சிப் மலை ஏறி வந்துவிடும், டாக்டர்தான் வரமாட்டார். நமக்கு எல்லாமே அந்த வரிசையில்தான் வருகின்றன. 1976 வரை ஜாகீர்தார்கள் கையில் கிடந்த மலை இது. 2024 ஜூனில் கீழே கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச் சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான் இந்த மலைமக்களுக்கு ரோடும் ஆஸ்பத்திரியும் இருக்கிறதா என்று உயர் நீதிமன்றமே தானாக முன்வந்து விசாரிக்க வேண்டியிருந்தது.

இதைச் சொன்னதும் ஒருவர் பாய்ந்து வருவார்: மனுஷனுக்கே வசதி இல்லாத இடத்தில் நாய்க்கு வைத்தியமா? இவர் முதல் ஆளின் பங்காளி. ரோடு வந்தால் ஆம்புலன்ஸும் அதே ரோட்டில் வரும், கால்நடை வண்டியும் அதே ரோட்டில் வரும். ஒன்றுக்காக மற்றொன்றை நிறுத்தச் சொல்கிறவருக்கு இரண்டுமே வர வேண்டாம் என்பதுதான் எண்ணம்.

எடுத்தனூர்க் கல்லுக்கு வாருங்கள். கோவிவனுக்கு வைத்தியச் செலவு செய்தது யார் என்று அதில் எழுதவில்லை. ஆனால் காவல் காத்த நாயை அந்தக் கல் மறக்கவில்லை. எருமையைக் காத்தவனோடு நாயும் கணக்கில் வந்தது. பல்லவர் காலத்துக் கிராமத்துக்குப் புரிந்தது, மாதத் தவணையில் கார் வாங்கியவருக்குப் புரியவில்லை.

கேட்பது பெரிய காரியம் ஒன்றுமில்லை. கோமாரி முகாமுக்கு ஐஸ் பெட்டியோடு வருகிற ஊழியர் மாட்டுக்காக எப்படியும் அந்தத் தெருவுக்கு வருகிறார். அதே பெட்டியில் வெறிநோய் ஊசியும் வரட்டும், மாட்டுக்குப் பக்கத்தில் கட்டியிருக்கிற நாய்க்கும் போடட்டும். 1962 என்ற எண்ணுக்குப் போன் போட்டால் மாட்டுக்கு வண்டி வருகிறது. பன்றி கிழித்த நாய்க்கும் அந்த வண்டி மலைமேல் தவறாமல் வர வேண்டும் என்று ஒரு வரி உத்தரவு போடட்டும். மாதம் ஒரு நாள், சந்தை கூடுகிற நாளாகப் பார்த்து, தையல் போடத் தெரிந்த ஒரு டாக்டர் மேலே வரட்டும். ஆயிரம் கோடி வளாகத்தில் படிக்கிற பிள்ளைகளை அவரோடு அனுப்பினால் அவர்களுக்கும் கை பழகும். மருந்துக்கு ஐம்பதோ நூறோ கேட்டால் மலைக்காரர் மடியிலிருந்து எடுத்துத் தருவார், அதற்கான வக்கு அவருக்கு எப்போதும் உண்டு.